வரிசை எங்கே நிற்கிறது? நெட்வொர்க் கார்டின் வரிசையைக் கண்காணித்து அனுப்பும் வேகத்தை ஆள ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் இணைய இணைப்பு வாங்கப் போய், 1 கிகாபிட்டுக்குக் கீழே ஏதாவது உண்டா என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். 2024இல் நாடு தழுவிய கட்டமைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. வேகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீட்டு மாடிகளில் இயங்கும் சிறு நிறுவனங்களிலும், வீவக (வீட்டமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையிலிருந்து நடக்கும் துணைப்பாட வகுப்புகளிலும் காதில் விழும் குறை மாறவில்லை. சென்னைக்குப் பெரிய வீடியோ கோப்பு ஏறத் தொடங்கியதும் காணொளி அழைப்பில் குரல் துண்டு துண்டாக வருகிறது. உடனே வேகச் சோதனை நடத்துகிறார்கள். எண் பிரமாதமாக இருக்கிறது. இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுகிறார்கள்; குரல் மறுபடியும் துண்டு துண்டாகத்தான் வருகிறது.

வேகச் சோதனை, வினாடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்பதை அளக்கிறது. தரவு சிறு துண்டுகளாகப் பிரிந்துதான் போகும்; அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டும் போவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்து நின்றது என்பது அதில் தெரியாது. அழைப்பைக் கெடுப்பது அந்தக் காத்திருப்புதான். எனவே இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: வரிசை யாருடைய கருவியில் நிற்கிறது? அதில் ஒரு பாக்கெட் எத்தனை மில்லிவினாடி நிற்கிறது? இவற்றுக்கு விடை தெரியாமல் வேக வரம்பு வைப்பது வீண் வேலை.

இந்த வழிகாட்டி லினக்ஸ் கணினிக்கானது. அது உங்கள் அலுவலகத்தின் நுழைவாயிலாக இருக்கலாம், கோப்பு அனுப்பும் சர்வராக இருக்கலாம், லினக்ஸ் அடிப்படையிலான ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரூட்டராகவும் இருக்கலாம். ரூட் (நிர்வாகி) அனுமதி தேவை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். திரையில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். கார்டின் பெயர் எத்0 என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வரிசைகள் எத்தனை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு செயலி தரவை எழுதிய கணத்துக்கும் அது கம்பியில் ஏறும் கணத்துக்கும் இடையில் ஒரே கணினிக்குள்ளேயே மூன்று இடங்களில் காத்திருக்க நேரலாம். முதலாவது, செயலி நெட்வொர்க்கோடு பேசும் வாசலான சாக்கெட்டின் அனுப்பு பஃபர், அதாவது தற்காலிகச் சேமிப்பிடம். இரண்டாவது, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வரிசை ஒழுங்குமுறை. லினக்ஸில் அதற்கு க்யூடிஸ்க் என்று பெயர். மூன்றாவது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் கார்டும் பகிரும் வளைய பஃபர். இந்த மூன்றையும் கடந்தபின் ரூட்டர், வைஃபை, ஃபைபர் இணைப்புப் பெட்டி, சேவை நிறுவனத்தின் கருவிகள், கடலடிக் கம்பி, மறுமுனை அலுவலகம் என்று வரிசைகள் தொடர்கின்றன.

நீங்கள் நேரடியாக ஆளக்கூடியவை முதல் மூன்றும்தான். பாதையில் எந்த இணைப்பு எல்லாவற்றிலும் குறுகலோ அதன் வாசலில்தான் வரிசை தேங்கும். உங்கள் கணினியின் கார்டு 1 கிகாபிட், அடுத்துள்ள கம்பியில்லா இணைப்பு 40 மெகாபிட் என்றால், உங்கள் கார்டின் வரிசை எப்போதும் காலியாகத்தான் தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்0இன் எண்களையே மணிக்கணக்கில் வெறித்துப் பார்ப்பவர்கள் நிறைய.

படி 2: சும்மா இருக்கும்போது அளவெடுங்கள்

எந்தப் பதிவேற்றமும் நடக்காத நேரத்தில் மூன்று இலக்குகளுக்கு பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட்டுங்கள்: உங்கள் ரூட்டர், சிங்கப்பூருக்குள் இருக்கும் ஒரு சர்வர், நீங்கள் உண்மையில் தரவு அனுப்பும் தொலைதூர முனை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுக் குறைந்தபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை விட்டுவிடலாம், சும்மா இருக்கும்போதும் சராசரியில் பிறர் வரிசைகள் கலந்திருக்கும்.

சென்னை என்றால் என்ன எண் வர வேண்டும்? 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. போய்த் திரும்ப 6,400 கிலோமீட்டர், அதாவது 32 மில்லிவினாடி. நிலப்பகுதியில் ஓடும் தூரத்தையும் சேர்த்தால் 35, 40 வந்தால் நியாயம். 150, 200 என்று வந்தால் தரவு வேறு எங்கோ சுற்றிக்கொண்டு போகிறது. அது பாதைப் பிரச்சினை, வரிசையைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே அதே மூன்று பிங்குகளையும் மறுபடி ஓட்டுங்கள். ரூட்டர் வரையிலான எண்ணே 2இலிருந்து 80க்குத் தாவினால் வரிசை உங்கள் வீட்டுக்குள் நிற்கிறது, பெரும்பாலும் வைஃபை. ரூட்டர் வரை அசையாமல் உள்ளூர் சர்வருக்கான எண் ஏறினால் ரூட்டரிலோ அதற்கு வெளியே செல்லும் இணைப்பிலோ நிற்கிறது. இரண்டும் அசையாமல் சென்னை மட்டும் ஏறினால் தொலைவில் நிற்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: க்யூடிஸ்க்கின் எண்களைப் படியுங்கள்

டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

டிசி -எஸ் க்யூடிஸ்க் ஷோ டெவ் எத்0

பல வரிசைகள் கொண்ட கார்டு என்றால் மேலே எம்க்யூ என்றும், அதன் கீழே ஒவ்வொரு வன்பொருள் வரிசைக்கும் ஒரு எஃப்க்யூ கோடெல் (படி 4இல் விளக்குகிறேன்) என்றும் காட்டும். எம்க்யூவில் தெரிவது கீழுள்ளவற்றின் கூட்டுத்தொகை. கொள்கலன்களுக்கான பாலம் போன்ற மெய்நிகர் இடைமுகங்களில் நோக்யூ என்று வரும். அங்கே வரிசையே கிடையாது, வேறிடத்தில் தேடுங்கள்.

சென்ட் என்பது இதுவரை போன மொத்தம். டிராப்ட் என்பது கைவிடப்பட்டவை. இது ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஓவர்லிமிட்ஸ் பலரையும் குழப்பும் எண். வேக வரம்பு வைத்த வரிசையில், இன்னும் நேரம் வரவில்லை, நில் என்று எத்தனை முறை தடுக்கப்பட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது; இழப்புக் கணக்கு அன்று. ரீக்யூஸ் ஏறினால், டிரைவர் இடமில்லை என்று பாக்கெட்டைத் திருப்பியனுப்பியிருக்கிறது. அதாவது கார்டே நிறைந்திருக்கிறது.

நமக்கு முக்கியமானது பேக்லாக். இந்தக் கணத்தில் எத்தனை பைட்டு, எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று அது சொல்லும். ஒருமுறை பார்த்துப் பயனில்லை. வாட்ச் கட்டளையைக் கொண்டு அரை வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள், அல்லது சிறு ஸ்கிரிப்ட் எழுதி நேர முத்திரையோடு கோப்பில் சேருங்கள்.

பைட்டை நேரமாக மாற்றும் கணக்கு எளிது. நிற்கும் பைட்டை 8ஆல் பெருக்கி, வெளியேறும் வேகத்தால் வகுக்க வேண்டும். 300 பாக்கெட், 4,54,200 பைட்டு நிற்கிறது. இணைப்பு 40 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36.3 லட்சம் பிட்டை 4 கோடியால் வகுத்தால் 91 மில்லிவினாடி. அதே 300 பாக்கெட் 1 கிகாபிட் இணைப்பில் நின்றால் 4 மில்லிவினாடிகூட இல்லை. முன்னது அழைப்பைக் கெடுக்கும், பின்னது யாருக்கும் தெரியாது. நீளத்தை மட்டும் வைத்து எச்சரிக்கை மணி கட்டினால் அது தவறான நேரத்தில்தான் அடிக்கும்.

பழைய லினக்ஸில் இயல்பாக இருந்த பிஃபைஃபோ ஃபாஸ்ட் வரிசை 1,000 பாக்கெட்டுகள் வரை சேர்த்து வைக்கும். ஒவ்வொன்றும் 1,500 பைட்டு என்றால் மொத்தம் 1.2 கோடி பிட். 1 கிகாபிட்டில் 12 மில்லிவினாடி, 100 மெகாபிட்டில் 120, 10 மெகாபிட்டில் 1.2 வினாடி. அமைப்பு ஒன்றுதான், கார்டின் வேகம் இறங்க இறங்க நஞ்சாகிறது. வரிசையின் நீள வரம்பான டிஎக்ஸ்க்யூலென் மதிப்பை 10,000 ஆக்கினால் வேகம் கூடும் என்று இணையத்தில் யாராவது அறிவுரை சொன்னால், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 4: நல்ல வரிசையா, தேங்கிய வரிசையா?

வாரக் கடைசியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்றவர்களுக்கு இது தானாகப் புரியும். ஒரே நேரத்தில் இரண்டு பஸ் வந்து ஆட்களை இறக்கினால் வரிசை சட்டென்று நீளும். முகப்புகள் நகர்ந்துகொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். காலையில் சேர்ந்த வரிசை மதியம் வரை அதே நீளத்தில் நின்றால்தான் கோளாறு. முகப்பில் நிற்பவரிடம் எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டால் போதும், ஆட்களை எண்ண வேண்டியதில்லை.

கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே வரும்போது நேரம் குறிக்கப்படுகிறது. வெளியேறும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கப்படுகிறது. 100 மில்லிவினாடி முழுவதும் காத்திருப்பு ஒருமுறைகூட 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்கவில்லையென்றால் ஒரு பாக்கெட்டைக் கைவிடுகிறது, அல்லது இரு முனைகளும் ஒப்புக்கொண்டிருந்தால் நெரிசல் குறி இடுகிறது. அனுப்பும் முனை அதைக் கண்டு வேகத்தைத் தணித்துக்கொள்ளும். இதோடு ஒவ்வோர் ஓட்டத்துக்கும், அதாவது ஒவ்வோர் இணைப்பின் தரவுக்கும், தனி வரிசை என்பதைச் சேர்த்தால் எஃப்க்யூ கோடெல். லினக்ஸ் கெர்னல் 3.5இலிருந்து இது இருக்கிறது. இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இயல்பாகவே இதுதான்.

அதனால்தான் டிராப்ட் எண்ணைக் கண்டு பதற வேண்டாம் என்றேன். நிரம்பி வழிந்து உதிர்ந்தவை வேறு, தெரிந்தே கைவிடப்பட்டவை வேறு. எஃப்க்யூ கோடெல் முதல் வகையை டிராப் ஓவர்லிமிட் என்ற தனி எண்ணில் காட்டுகிறது. அது ஏறினால் கவலைப்படுங்கள். டிராப்ட் மட்டும் மெதுவாக ஏறி, பேக்லாக் சிறியதாகவே இருந்தால் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று பொருள். கண்காணிப்புத் திரையில் டிராப் சுழியமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் மேலாளர்களுக்கு இதை விளக்குவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

படி 5: கார்டின் வளைய பஃபரைச் சோதியுங்கள்

க்யூடிஸ்க் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், அதற்குக் கீழே உள்ள வளைய பஃபர் பெரிதாக இருந்தால் பயனில்லை. அங்கே ஒழுங்கு கிடையாது. முதலில் வந்தது முதலில் போகும். ஈத்டூல் -ஜி எத்0 என்று கேட்டால் அதன் அளவு தெரியும். 4,096 இடங்கள் முழுக்க 1,500 பைட்டுப் பாக்கெட்டுகளால் நிறைந்தால் 100 மெகாபிட் இணைப்பில் அரை வினாடிக் காத்திருப்பு.

இதைத் தடுக்கவே கெர்னல் 3.3இல் பைட் வரிசை வரம்பு என்ற ஏற்பாடு வந்தது. கார்டு பட்டினி கிடக்காத அளவுக்கு மட்டும் கீழே அனுப்பி, மீதியை க்யூடிஸ்க்கிலேயே நிறுத்தும்; அந்த அளவைத் தானே கற்றுக்கொள்ளும். சிஸ் கோப்பகத்தில் கிளாஸ், நெட், எத்0, க்யூஸ், டிஎக்ஸ்-0, பைட் க்யூ லிமிட்ஸ் என்று இறங்கினால் லிமிட், இன்ஃபிளைட் என்ற கோப்புகள் இருக்கும். பளு உள்ளபோது இன்ஃபிளைட்டைப் படியுங்கள். எண் ஏறி இறங்கினால் ஏற்பாடு வேலை செய்கிறது. எப்போதும் சுழியம் என்றாலோ கோப்பே இல்லை என்றாலோ அந்த டிரைவருக்கு ஆதரவில்லை. சில யூஎஸ்பி அடாப்டர்கள் இப்படித்தான். அப்போது வளையத்தின் அளவை ஈத்டூல் மூலம் குறைக்கலாம். அதற்கும் இடம் கொடுக்காத கார்டு என்றால் படி 7தான் வழி.

வைஃபையில் கதை வேறு. நவீன டிரைவர்கள் பலவற்றில் வரிசை ஒழுங்கு கம்பியில்லா அடுக்குக்குள்ளேயே நடப்பதால் க்யூடிஸ்க் இடத்தில் நோக்யூ என்று தெரியும். வீவக அடுக்குமாடியில் சுற்றிலும் அண்டை வீட்டுக்காரர்களின் வைஃபை நிறைந்திருக்க, வரிசை நுட்பத்தைப் பேசுவதைவிட முக்கியமான கணினிக்கு ஒரு ஈதர்நெட் கம்பி இழுப்பது மேல்.

படி 6: சாக்கெட்டையும் கேளுங்கள்

எஸ்எஸ் -டிஐ என்ற கட்டளை, திறந்திருக்கும் ஒவ்வொரு டிசிபி (தரவு தவறாமல் போய்ச்சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் விதிமுறை) இணைப்பைப் பற்றியும் ஏராளமாகச் சொல்லும். நான் முதலில் பார்ப்பது ஆர்டிடி, மின்ஆர்டிடி என்ற இரண்டையும். இப்போதைய சுற்றுநேரத்திலிருந்து அந்த இணைப்பு கண்ட குறைந்தபட்சத்தைக் கழித்தால், பாதை முழுவதும் உள்ள வரிசைகளின் மொத்தத் தாமதம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். தனியாக பிங் ஓட்டத் தேவையில்லை. உண்மையான தரவின் அனுபவமே எண்ணாக வருகிறது.

அடுத்து நாட்சென்ட். செயலி எழுதிவிட்டது, கெர்னல் இன்னும் அனுப்பத் தொடங்கவில்லை என்ற பைட்டுகள் இவை. இது மெகாபைட் கணக்கில் நின்றால், நேரலை போன்ற வேலைக்கு ஆகாது. பழைய காட்சிகள் முன்னால் நிற்க, புதியவை பின்னால் காத்திருக்கும். ஆர்டபிள்யூஎன்டி லிமிட்டெட் என்று நேரம் ஏறினால், மறுமுனைக் கணினி வாங்கிக்கொள்ளத் திணறுகிறது. அதற்கு இங்கே எந்தக் குமிழைத் திருகியும் பலனில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். அனுப்பும் கணினியிலேயே அமர்ந்து பார்த்தால் பேக்லாக் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். 2012இல் கெர்னல் 3.6இல் வந்த டிசிபி சிறுவரிசை ஏற்பாடு, ஒரே இணைப்பு க்யூடிஸ்க்கை நிறைத்துவிடாமல் தடுக்கிறது. ரூட்டராக வேலை செய்யும் கணினிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பிறர் அனுப்பியதைக் கடத்தும் இடத்தில் வரிசை முழு வடிவில் தெரியும். ஆகவே அலுவலகம் முழுவதையும் ஆள வேண்டுமானால் கண்காணிப்பை நுழைவாயிலில் வையுங்கள்.

படி 7: வரிசையை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்

படி 2இல் தாமதம் ஏறியது, படி 3இல் பேக்லாக் காலி என்றால், வரிசை உங்களுக்கு அப்பால் உள்ள பெட்டியில் நிற்கிறது. அந்தப் பெட்டியின் ஒழுங்குமுறையை மாற்ற உங்களுக்கு உரிமையில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான்: அதைவிடச் சற்றுக் குறைவான வேகத்தில் நீங்களே அனுப்புவது. அப்போது குறுகல் உங்கள் கணினிக்கு இடம்பெயரும். வரிசையும் கூடவே வரும்.

இதற்கு கெர்னல் 4.19 முதல் இருக்கும் கேக் என்ற க்யூடிஸ்க் போதும்; வேக வரம்பையும் வரிசை ஒழுங்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வேகத்தைப் பங்கிடும் பழைய க்யூடிஸ்க்கான எச்டிபியை வைத்துப் பக்கம் பக்கமாக விதி எழுதும் காலம் போய்விட்டது. வாடிக்கையாளர்களுக்கு ஒப்பந்தப்படி வேகம் பிரித்துக் கொடுக்கும் நிலை இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

டிசி க்யூடிஸ்க் ரிப்ளேஸ் டெவ் எத்0 ரூட் கேக் பேண்ட்வித் 90எம்பிட்

90 என்பது எடுத்துக்காட்டு. உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க, முதலில் வரம்பே இல்லாமல் பதிவேற்ற வேகத்தை நாளின் வெவ்வேறு நேரங்களில் அளந்து, அவற்றுள் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 85 விழுக்காட்டிலிருந்து தொடங்குங்கள். முழுப் பளுவில் பிங் அசையாமல் இருந்தால் 3, 3 விழுக்காடாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் பிங் ஏறத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். 10 விழுக்காடு வேகத்தை இழக்க மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். 100 மெகாபிட்டில் 10 மெகாபிட்டை விட்டுக்கொடுத்தால், பெரிய கோப்பை ஏற்றுவதில் சில நிமிடத் தாமதம். பதிலுக்கு நாள் முழுக்க அழைப்புகள் தெளிவாக இருக்கும். எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கேக் வைத்தபின் படி 3இன் கணக்கும் தேவைப்படாது. அதன் புள்ளிவிவரத்தில் பிகே டிலே, ஏவி டிலே என்று உச்சக் காத்திருப்பும் சராசரிக் காத்திருப்பும் நேரடியாக வரும். நுழைவாயிலில் முகவரி மாற்றம் நடந்தால் நாட் என்ற சொல்லையும், உள்ளேயுள்ள கணினிகளுக்கிடையே நியாயமாகப் பங்கிட டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட் என்பதையும் சேருங்கள். அப்போது ஒருவர் இருபது இணைப்புகள் திறந்து பதிவேற்றினாலும், அவருக்கு ஒருவர் பங்குதான் கிடைக்கும்.

வேக வரம்பு மிகக் குறைவாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வேலையைக் குறைக்க கெர்னல் பல பாக்கெட்டுகளைக் கட்டி 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாக நகர்த்தும். 10 மெகாபிட்டில் அப்படி ஒரு மூட்டை வெளியேற 52 மில்லிவினாடி ஆகும். கேக் இதைத் தானே பிரித்துவிடும்; எஃப்க்யூ கோடெல் பிரிக்காது.

பதிவிறக்கத்துக்கும் இதைச் செய்யலாம். உள்வரும் பாக்கெட்டுகளை ஐஎஃப்பி என்ற போலி இடைமுகத்துக்குத் திருப்பி, அங்கே கேக்கை வைக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் தொகுப்பு இதைத் தானே அமைத்துக்கொடுக்கும். ஆனால் 1 கிகாபிட் ஃபைபரில் இதைச் செய்யும் முன் யோசியுங்கள். மலிவான ரூட்டரின் செயலி அந்த வேகத்தில் கேக்கைத் தாங்காது. வரிசையைக் குறைக்கப் போய் முழு வேகத்தையும் இழப்பீர்கள். ஃபைபரில் உண்மையில் தாமதம் ஏறுகிறதா என்பதைக் கம்பிவழி அளந்து உறுதிசெய்த பிறகே இறங்குங்கள். ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

படி 8: வேகம் மாறிக்கொண்டே இருக்கும் இணைப்பு

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குக் காவடிகள் நகர்கின்றன. சாலையோரத்திலிருந்து 5ஜி மோடம் வழியாக நேரலை கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 5ஜிக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பதிவேற்றமும் பதிவிறக்கமும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரும்பங்கு பதிவிறக்கத்துக்கே போகும். பதிவேற்றத்துக்கு மீந்ததைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான திறன்பேசிகளும் கேட்கின்றன. ஒரு நிமிடம் 60 மெகாபிட், அடுத்த நிமிடம் 8 என்று ஆடும் இணைப்பில் நிலையான வரம்பு எதுவும் செல்லாது. 60க்கு வைத்தால் மோடத்துக்குள் வரிசை சேரும், 8க்கு வைத்தால் கிடைப்பதை வீணாக்குகிறீர்கள்.

இங்கேதான் கண்காணிப்பும் கட்டுப்பாடும் ஒரே சுழற்சியாக இணைய வேண்டும். ஒரு சிறிய ஸ்கிரிப்ட் போதும். அது அரை வினாடிக்கு ஒருமுறை இவற்றைச் செய்யட்டும்.

சிங்கப்பூருக்குள் இருக்கும் மூன்று நான்கு வெவ்வேறு சர்வர்களுக்கு பிங் அனுப்பி நடு மதிப்பை எடுக்கட்டும். ஒன்றை மட்டும் நம்பினால், அந்த சர்வர் பிங்குக்குச் சோம்பேறித்தனமாகப் பதில் சொல்லும்போதெல்லாம் உங்கள் வேகம் இறங்கும். கடந்த ஒரு நிமிடத்தின் குறைந்தபட்சத்தை அடிப்படையாக வைத்து, இப்போதைய மதிப்பு அதற்கு மேல் எவ்வளவு என்று கணக்கிடட்டும். கூடவே, சிஸ் கோப்பகத்தில் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்பதன் கீழுள்ள டிஎக்ஸ் பைட்ஸ் எண்ணை முன்சுற்றின் எண்ணிலிருந்து கழித்து, உண்மையில் எவ்வளவு போனது என்றும் பார்க்கட்டும்.

முடிவெடுக்கும் விதி இப்படி இருக்கலாம். கூடுதல் தாமதம் தொடர்ந்து இரண்டு சுற்றுகளில் 30 மில்லிவினாடியைத் தாண்டினால், வரம்பை உண்மையில் போன வேகத்தின் 85 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும். தாமதம் 10க்குள் இருந்து, போகும் தரவும் வரம்பில் 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், 2 விழுக்காடு ஏற்றலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் கையை வைக்கக் கூடாது. இறக்கம் சட்டென்று, ஏற்றம் மெல்ல. இந்தச் சமச்சீரின்மை வேண்டுமென்றே வைப்பது. 1986 அக்டோபரில் பெர்க்லி பகுதியில் சில நூறு கெஜ தூரத்திலிருந்த இரண்டு இடங்களுக்கிடையே வேகம் 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. அதை ஆராய்ந்து வான் ஜேக்கப்சன் டிசிபியில் சேர்த்த நெரிசல் தவிர்ப்பு முறையின் அடித்தளமும் இதுதான்.

பளு இல்லாத நேரத்தில் வரம்பை ஏற்றவே கூடாது. வரிசையில் யாரும் இல்லாதபோது தாமதம் குறைவாகத்தான் இருக்கும். அதை நம்பி ஏற்றிக்கொண்டே போனால் அடுத்த பளு வரும்போது மோடத்துக்குள் வினாடிக்கணக்கில் தரவு குவியும். சும்மா இருக்கும்போது வரம்பு உங்கள் நடுத்தர எண்ணை நோக்கி மெதுவாகத் திரும்பினால் போதும். மேலே ஓர் உச்சவரம்பும் கீழே ஓர் அடிமட்டமும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பிங் முற்றிலும் அறுந்த ஒரு கணத்தில் ஸ்கிரிப்ட் உங்களைச் சுழியத்துக்கு இழுத்துச் சென்றுவிடும்.

வரம்பை மாற்றும்போது டிசி க்யூடிஸ்க் சேஞ்ச் என்று கொடுங்கள். வரிசையில் நிற்பவை அப்படியே நிற்க, வேகம் மட்டும் மாறும். இதையெல்லாம் தானே எழுத விரும்பாதவர்களுக்கு கேக் ஆட்டோரேட் என்ற திறந்தநிலை ஸ்கிரிப்ட் ஓப்பன்டபிள்யூஆர்டியில் கிடைக்கிறது. இருந்தாலும் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். எந்த எண்ணை எதற்காகத் தொடுகிறோம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

படி 9: செயலிக்கும் கடிவாளம் போடுங்கள்

எல்லாவற்றையும் வரிசையின் தலையில் கட்ட வேண்டியதில்லை. இரவுநேரக் காப்புப்பிரதியைக் கோப்புகளை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் மூலம் அனுப்பினால் பிடபிள்யூலிமிட் என்ற விருப்பம் இருக்கிறது. அதில் நீங்கள் கொடுக்கும் வெறும் எண் வினாடிக்குக் கிலோபைட், கிலோபிட் அன்று. 5000 என்றால் 40 மெகாபிட்டுக்குச் சற்று மேல்.

நீங்களே நிரல் எழுதுபவர் என்றால், சாக்கெட்டில் உச்ச அனுப்பு வேகத்தை அமைக்கும் எஸ்ஓ மேக்ஸ் பேசிங் ரேட் விருப்பத்தைப் பாருங்கள். நேரலை மென்பொருளில் டிசிபி நாட்சென்ட் லோவாட் அமைத்து, அனுப்பாமல் நிற்கும் தரவு 128 கிலோபைட்டைத் தாண்டினால் புதிதாக எழுதாமல் இருக்கச் செய்யுங்கள். அந்த இடைவெளியில், காட்சியைச் சுருக்கும் என்கோடரின் தரத்தை ஒரு படி இறக்கலாம். தரம் சற்று மங்கிய நேரலையைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். சுழன்றுகொண்டே நிற்கும் வட்டத்தைப் பொறுக்கமாட்டார்.

படி 10: நீண்டகாலக் கண்காணிப்பு

கண்காணிப்பு எண்களைச் சேகரிக்கும் புரோமீத்தியஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர், கணினியின் எண்களை அதற்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரில் க்யூடிஸ்க் சேகரிப்பான் இயல்பாக அணைந்திருக்கும் என்பதை நினைவில் வைத்து இயக்கிக்கொள்ளுங்கள். 15 வினாடிக்கு ஒருமுறை எடுக்கும் பேக்லாக் எண்ணில் குறுகிய நெரிசல்கள் தப்பிவிடும். ஆகவே அதற்கு எச்சரிக்கை கட்டாதீர்கள். ஏறிக்கொண்டே போகும் எண்ணிகளான டிராப், ரீக்யூஸ் ஆகியவற்றின் ஏற்ற விகிதத்தையும், தனியாக ஓடும் பிங்கின் கூடுதல் தாமதத்தையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள். தாமதம் ஏறி, டிராப்பும் ஏறினால் வரிசை உங்களிடம். தாமதம் மட்டும் ஏறினால் வெளியே. கடலடிக் கம்பி ஒன்று பழுதாகித் தரவு வேறு பாதைக்கு மாறினால் சென்னைக்கான அடிப்படை எண்ணே ஒரு நாளில் இரட்டிப்பாகலாம். அதனால் அடிப்படையை நிரந்தரமாக எழுதி வைக்காமல், அவ்வப்போது புதிதாகக் கற்கும்படி செய்யுங்கள்.

கடைசியாக, டிசி கட்டளையால் வைத்த எதுவும் கணினியை மறுதொடக்கம் செய்தால் நிலைக்காது. நெட்வொர்க் அமைப்புகளுக்கு சிஸ்டம்டி நெட்வொர்க்டி பயன்படுத்தினால் கார்டுக்கான கோப்பில் கேக் என்ற பகுதியைச் சேர்த்து அதில் பேண்ட்வித் மதிப்பை எழுதுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் தானே சேமித்துக்கொள்ளும். எழுதியபின் ஒருமுறை மறுதொடக்கம் செய்து, படி 3இன் கட்டளையை மறுபடி தட்டிப் பாருங்கள். கேக் என்ற பெயரும் நீங்கள் கொடுத்த எண்ணும் அங்கே இருக்க வேண்டும்.